“விண்டோஸ் 11 போட ஏலாது” என்றால், ஏன் என்றும் சொல்லுங்கள்: திருகோணமலைக் கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வீதியிலும் ஏகாம்பரம் வீதியிலும் அனுராதபுரச் சந்திப் பக்கத்திலும், அந்தப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, இந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் வரைக்கும் கணினி திருத்திக் கொடுக்கிற தம்பிமாருக்கும் நானாமாருக்கும், அங்கே வேலை பழகுகிற பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உவர்மலையில் வீட்டோடு தமிழ்த் தட்டெழுத்து வேலை செய்கிறவள். கல்யாணக் கார்ட், அந்தியேட்டி நினைவுமலர், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் வாத்திமாரின் வினாத்தாள் என்று பொழுது விடிந்தால் கணினிக்கு முன்னால்தான். என்னிடம் வருகிற ஆட்கள்தான் உங்களிடமும் வருகிறார்கள். காலையில் உங்கள் கடையில் ஒன்றைச் சொன்னால் பின்னேரம் அது என் வாசலுக்கு வந்துவிடும்: “பிள்ளை, இப்படிச் சொல்றாங்கள், உண்மையோ?”

இப்போது எல்லாரும் கொண்டுவருவது ஒரே செய்தியைத்தான். “விண்டோஸ் 10 முடிஞ்சுது. உங்கட பெட்டிக்கு 11 போட ஏலாது. புதுசு எடுத்தாத்தான் சரி.” இதில் முதல் வசனம் பாதி உண்மை. இரண்டாவது, பெட்டியைப் பொறுத்தது. மூன்றாவது வசனத்தின் விலை இலட்ச ரூபாவைத் தாண்டும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவரும், பிள்ளையின் உயர்தரப் படிப்புக்காகச் சீட்டுப் போட்டுப் பெட்டி வாங்கினவரும் அந்த மூன்றாவது வசனத்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஏலாது என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். முடிந்தால் எழுதியும் கொடுங்கள்.

முடிந்தது என்ற கதையை முதலில் பார்ப்போம். மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. நின்றது மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள். பெட்டி நிற்கவில்லை. அடுத்த நாள் கணினி திறக்காது, படமெல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து, மகளின் கல்யாண அல்பத்தை அவசரம் அவசரமாகப் பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு வந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். (படத்தைப் பிரதி எடுத்து வைத்தது நல்லது, அது வேறு கதை.)

வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலதிகமாக ஒரு வருசம், 2026 ஒக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்புத் திருத்தம் பெறும் வழியையும் அதே நிறுவனம் வைத்திருக்கிறது. பெட்டியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் எக்கவுண்ட் ஒன்று வேண்டும். செட்டிங்ஸை அந்த எக்கவுண்டில் பெக்அப் எடுக்கவிட்டால் காசில்லாமலே கிடைக்கும். விருப்பமில்லாவிட்டால் 30 டொலர் கட்டலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதியும் இடம் இருக்கிறது. இதை உங்கள் கடைகளில் எத்தனை பேர் வாடிக்கையாளருக்குச் சொல்கிறீர்கள்? இந்த ஒரு வருசம் இருந்தால் மனுசர் காசு சேர்த்து, விலை விசாரித்து, நிதானமாக முடிவெடுப்பார்கள். நிதானமாக முடிவெடுத்தவரும் கடைசியில் உங்களிடம்தான் வாங்கப்போகிறார்.

இனி “ஏலாது” என்பதற்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 11க்கு வேண்டியவை: டிபிஎம் 2.0 (இரகசியத் திறவுகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்கியூர் பூட் (எழும்பும்போது நம்பத்தகாத மென்பொருளை விடாத காவல்), அதற்கு ஏற்ற யூஈஎஃப்ஐ (பயோஸின் புது வடிவம்), 4 ஜீபி ரெம், 64 ஜீபி இடம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர், ஏஎம்டியின் ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து, அதிலும் சில விலக்கு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கணினி தரும் பதில் ஒன்றுதான்: இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனால் புரொசசர் பழசு என்பதும், ஒரு சுவிட்ச் மூடிக் கிடக்கிறது என்பதும் ஒன்றா? முன்னதற்கு மருந்தில்லை. பின்னதற்கு ஐந்து நிமிச வேலை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். மகன் கனடாவில். 2018இல் மகன் வந்து நின்றபோது பொருத்திக் கொடுத்த டெஸ்க்டொப் அவருடையது. ஐ5-8400, 8 ஜீபி ரெம், எஸ்.எஸ்.டி. டவுனில் ஒரு கடையில் பார்த்துவிட்டு “ஏலாது டீச்சர், பழசு” என்று அனுப்பிவிட்டார்கள். 8400 என்றால் முன்னால் நிற்கிற 8 என்ன சொல்கிறது? எட்டாம் தலைமுறை. பிறகு எங்கே பழசு?

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற என் மருமகன் சனிக்கிழமை வந்தபோது அதைத் திறந்தான். மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓடவிட்டால் எது குறை என்று அதுவே வரி வரியாகக் காட்டும். எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி, டிபிஎம்முக்கு மட்டும் சிவப்பு. பெட்டியை நிறுத்தி, திரும்பப் போடும்போது டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும்ப முன் வரும் அடிப்படைச் செட்டிங்ஸுக்குள், போனான். உள்ளே இன்டெல் பிடிடி (டிபிஎம்முக்கு இன்டெல் வைத்த பெயர்) என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் டிசேபிள்ட். அதை எனேபிள்ட் ஆக்கினான், எஃப்10 அழுத்திச் சேமித்தான். ரீச்சர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் அந்தச் சிவப்பும் பச்சையாகிவிட்டது. 2021க்கு முன்னர் வந்த எத்தனையோ மதர்போர்ட்களில் அது கடையிலிருந்து வரும்போதே மூடித்தான் இருக்கும். ஏஎம்டி போர்டில் அதற்கு எஃப்டிபிஎம் என்று பெயர். இது உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு அந்தக் கடையில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சில பெட்டிகளில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும் என்பது எனக்கும் தெரியும். விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் போட்டிருந்தால் செக்கியூர் பூட்டை இயக்கின கையோடு பெட்டி எழும்பாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் விண்டோஸ் 10 உள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, ஃபைல் எதையும் அழிக்காமல் மாற்றித் தரும். (பெக்அப் எடுக்காமல் தொட வேண்டாம்.) இந்த வேலைக்கு நேரம் போகும், கூலி வேண்டும். தாராளமாகக் கேளுங்கள்.

நாங்களும் சும்மா இல்லை என்பது தெரியும். “தம்பி, சும்மா ஒருக்கா பார்த்துச் சொல்லும்” என்று பெட்டியை மேசையில் தூக்கி வைத்துவிட்டு, பார்த்துச் சொன்னதும் காசு கொடுக்காமல் கிளம்புகிற ஆட்கள் நாங்கள். கூலி இல்லாத வேலையை யார்தான் கவனமாகப் பார்ப்பார்கள்? டொக்டரிடம் மருந்து எழுதித் தராவிட்டாலும் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம். அதுபோலப் பெட்டியைப் பரிசோதிக்கவும் ஒரு தொகை வையுங்கள், சுவரில் எழுதிப் போடுங்கள். பதிலுக்கு, என்ன குறை என்று நாங்கள் கேட்கிறபோது ஒழுங்கான விடை வர வேண்டும்.

உண்மையிலேயே ஏலாத பெட்டிகளும் இருக்கின்றன. ஏழாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதெல்லாம் அப்படித்தான், ஏழும் ஏறக்குறைய முழுக்க. அதற்கும் சோதனையைத் தாண்டி 11 போட்டுக்கொடுக்கும் வித்தை உங்கள் கையில் இருக்கிறது. போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போட்டதைச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பெட்டிக்கு அப்டேட் வருவதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை, வருசாவருசம் வருகிற புதுப் பதிப்பு தானாக ஏறாது, ஒவ்வொரு முறையும் ஒருவர் கையால் போட வேண்டும். இன்னும் பழசான கோர் 2 டுவோ போன்ற புரொசசர்களில் 11இன் 24எச்2 (2024இல் வந்தது) பதிப்பிலிருந்து எழும்பவே எழும்பாது. இதெல்லாம் தெரிந்து ஒருவர் சரி என்றால் அது அவர் பாடு.

கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் பெட்டிகள் வந்து இறங்குகின்றனவே, அதில்தான் எனக்கு ஆத்திரம். முகப்பில் “ஐ5, விண்டோஸ் 11” என்று ஸ்டிக்கர். உள்ளே பார்த்தால் நான்காம் தலைமுறை. ஐ5 என்று மட்டும் சொன்னால் அது எந்தக் காலத்து ஐ5 என்று யாருக்குத் தெரியும்? மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகிற தகப்பனுக்கு அந்த நம்பரை விளங்கப்படுத்தாமல் விற்பது நல்ல வியாபாரம் இல்லை. நம்பரைப் பற்றுச்சீட்டில் முழுசாக எழுதுங்கள், பெயரை அல்ல.

அடுத்தது போர்மட். எதற்கெடுத்தாலும் போர்மட்.

விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போக போர்மட் அடிக்கத் தேவையில்லை. இருக்கிற விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓடவிட்டால் ஃபைலும் வைத்து, போட்டிருந்த மென்பொருளும் வைத்து மேலே போகலாம். லைசன்ஸ் உள்ள 10 என்றால் 11க்குக் காசும் இல்லை. 32 பிட் விண்டோஸ் 10 இருக்கிற பெட்டிக்கு மட்டும் அந்த வழி கிடையாது, ஏனென்றால் 11 வருவதே 64 பிட்டில்தான். அங்கே துடைத்துப் போட்டே ஆக வேண்டும், பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு ஏன் துடைக்கிறீர்கள்? உங்களுக்கு அது சுலபம், வேகம், வைரஸும் போய்விடும். எங்களுக்கு என்ன போகிறது என்று சொல்கிறேன்.

தம்பலகாமத்து ஐயா ஒருவர். ஊர்க் கோயிலின் பழைய வழக்கங்கள், கும்மிப் பாட்டு, வயல் வேலைச் சொற்கள் என்று வருசக்கணக்காகத் தானே தட்டிச் சேர்த்தவர், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். கடைக்காரத் தம்பி பொறுப்பாக ஐயாவின் ஃபைலையெல்லாம் டி டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போர்மட் அடித்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பின்னி நிற்கிறது. ஐயா வைரஸ் தின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். நடந்தது என்ன? பாமினி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறிமுறையான யூனிகோட் அல்ல, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறிகள்தான், எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். எழுத்துருக்கள் இருப்பது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். போர்மட்டோடு அவை போய்விட்டன. பாமினியை ஏற்றிவிட்டதும் ஐயாவின் கும்மிப் பாட்டு அப்படியே திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முன் அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டம்மா சொன்னார்.

நம் மாவட்டத்தில் பாடசாலையாகட்டும், கோயில் சபையாகட்டும், பள்ளிவாசல் நிர்வாகமாகட்டும், பழைய தமிழ் ஆவணம் என்றால் ஏராளமானவை பாமினியிலும் அதன் உறவுக்கார எழுத்துருக்களிலும்தான் கிடக்கின்றன. ஆகவே துடைக்க முன் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். டெஸ்க்டொப்பையும் மறக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் டெஸ்க்டொப்பில்தான் போட்டு வைப்பார்கள், அதுவும் சி டிரைவ்தான். யூனிகோடில் பாமினி விசை முறையிலேயே தட்டுவதற்கு என்.எச்.எம். ரைட்டர் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொடுங்கள். கை பழகின விசைப்பலகை மாறினால் என்னைப் போன்றவளுக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

போர்மட் அடிக்காமல் மேலே போனால் இன்னொரு வசதி. 11 பிடிக்கவில்லை, ஏதோ ஒரு மென்பொருள் மக்கர் பண்ணுகிறது என்றால் பத்து நாளுக்குள் பழைய 10க்கே திரும்பிப் போகலாம். விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் இருக்கும்வரைதான் அது நடக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை அன்றைக்கே துடைத்து அனுப்பிவிடாதீர்கள்.

இனி எக்கவுண்ட் விசயம். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, ஆனால் யாரும் பேசுவதில்லை. விண்டோஸ் 11 ஹோம் புதிதாகப் போடும்போது மைக்ரோசொப்ட் எக்கவுண்ட் கேட்கும். வயதானவர்களிடம் எக்கவுண்ட் இராது, இருந்தாலும் பாஸ்வேர்ட் ஞாபகம் இராது. அவசரத்துக்குக் கடையில் உள்ள பிள்ளை தன் போன் நம்பரிலோ கடையின் ஈமெயிலிலோ ஒன்றைத் திறந்து வேலையை முடித்துவிடுகிறது. சரி, அப்புறம்? 24எச்2 முதல் புதிதாகப் போடுகிற பல பெட்டிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, அந்தப் பூட்டின் 48 இலக்கத் திறவு எண் அந்த எக்கவுண்டில்தான் போய் உட்காருகிறது. நாளைக்கு மதர்போர்ட் மாற்றினாலோ பயோஸில் கை வைத்தாலோ பெட்டி அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். வேலைக்கு நின்ற பிள்ளை அதற்குள் கட்டாருக்குப் போயிருக்கும். படமும் போச்சு, ஆவணமும் போச்சு, உங்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

ஆகவே உரியவரின் போன் நம்பரில், அவரை முன்னால் இருத்தி வைத்து எக்கவுண்ட் திறந்துகொடுங்கள். பாஸ்வேர்டை அவர் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதவையுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் அந்த எண்ணையும் அச்சடித்துக் கொடுங்கள், காணி உறுதியோடு வைக்கட்டும்.

கிராக் பண்ணின விண்டோஸ் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. எங்கள் வீடுகளில் அது நிறைந்திருக்கிறது, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதை எக்டிவேட் பண்ணுகிற கருவிகள் வழியாக வைரஸ் வருவது வழமை என்பதை மட்டும் வாடிக்கையாளர் காதில் போட்டுவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்க வசதியில்லை, பெட்டியும் பழசு என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுக்கலாமே. 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜீபி ரெம்மில் ஓடும், பேப்பர் வாசிக்க, யூடியூப் பார்க்க, பிள்ளைகளோடு பேச அது தாராளம். தமிழ் எழுத்தும் ஒழுங்காகத் தெரியும். பேஜ்மேக்கரிலும் வேர்டிலும் தொழில் செய்கிற என் போன்றவர்களுக்கு அது சரிவராது, அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் உழைப்பதற்கு நான் எதிரி இல்லை. புதுப்பெட்டி விற்காவிட்டாலும் வேலை கிடக்கிறது. இந்த ஊரின் உப்புக்காற்றுக்குப் பெட்டியின் பின்பக்கத் துவாரங்களெல்லாம் இரண்டு மூன்று வருசத்தில் துருப்பிடித்துவிடும், ஃபேன் இறுகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் 11 போட்டுவிட்டு “ஸ்லோ” என்று முறைப்படுகிறவர்களுக்கு எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொடுங்கள், 4 ஜீபியை 8 ஆக்குங்கள். மாரி காலத்தில் கரண்ட் நினைத்த நேரத்தில் போய்விடும், யூபிஎஸ் இல்லாத வீட்டில் அப்கிரேட் நடுவில் நின்றால் தலைவலி. சிம் ரவுட்டரில் டேட்டா எண்ணிப் போடுகிற குடும்பத்துக்கு ஐந்து ஜீபிக்கு மேல் தரவிறக்குவதும் கஷ்டம். உங்கள் கடையில் யூபிஎஸ் இருக்கிறது, செட்டப் பென்ட்ரைவில் தயாராக இருக்கிறது. “எங்களிடம் கொண்டுவாருங்கள், ஒன்றும் அழியாமல் 11க்கு ஏற்றித் தருகிறோம்” என்று ஒரு போர்ட் வைத்துப் பாருங்கள், ஆட்கள் வருவார்கள்.

கடைசியாக, எழுதிக் கொடுங்கள் என்று தொடக்கத்தில் கேட்டேனே, அந்தத் துண்டு. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு அரைப் பக்கம் போதும். புரொசசரின் முழு நம்பர், 11 ஏலும் அல்லது ஏலாது, ஏலாதென்றால் எந்தக் குறையால், அந்தக் குறை தீருமா, தீர்க்க எவ்வளவு. துடைத்தீர்களா இல்லையா, எதை எதைப் பிரதி எடுத்தீர்கள், எக்கவுண்ட் யாருடைய பெயரில். கீழே உங்கள் கையெழுத்து, அவர் கையெழுத்து. மகன் கனடாவிலிருந்து போனில் கேட்டால் ரீச்சர் அதைப் பார்த்து வாசிப்பார். வேறு கடைக்குப் போனாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

படிவம் அடிக்க நேரமில்லை என்று சொல்ல வேண்டாம், அது என் தொழில். தமிழில் ஒரு மாதிரி அடித்து வைத்திருக்கிறேன், சிங்களத்திலும் வேண்டுமென்றால் தெரிந்தவர்களைக் கொண்டு எழுதுவித்துத் தருகிறேன். கடையின் பெயரும் போன் நம்பரும் மேலே போட்டு, ஃபைலாகவே தருவேன். கூலி வேண்டாம். என்னிடம் வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், பெயரைச் சரியாக எழுதி அனுப்புங்கள், எழுத்துப் பிழையோடு அடிக்க எனக்குக் கை வராது.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து,
உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தமிழ் அடித்துக் கொடுக்கிற அக்கா